கடலுக்கு முதுகு காட்டிய ஆறு

இகுவாசு ஆறு பிறக்கும் இடத்திலிருந்து அட்லாண்டிக் கடல் கூப்பிடு தூரம்தான். செர்ரா தோ மார் என்ற அந்த மலைத்தொடரின் உச்சிகளில் ஏறினால், வானம் தெளிந்த நாளில் கடல் கண்ணுக்கே தெரியும். ஆறு மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மேற்கே நடையைக் கட்டி, பிரேசிலின் பரானா மாநிலத்தைக் குறுக்காகக் கடந்து, 1,300 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் போய், பரானா ஆற்றில் சேர்ந்து, அதனோடு தெற்கே இறங்கி, புவெனஸ் அயர்ஸ் பக்கம்தான் ஒருவழியாகக் கடலைப் பார்க்கிறது. அரபிக் கடலுக்கு அருகில் குடகில் பிறந்துவிட்டு வங்கக் கடலைத் தேடி வரும் காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த ஆறு பழக்கமானது அருவியால் அல்ல, நாற்றத்தால். குரிச்சிபாவில் முதுகலை படித்தபோது என் ஆய்வே அதன் தண்ணீர்தான். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இராயி, அதூபா என்று இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இகுவாசு என்ற பெயர் தொடங்குகிறது. கொஞ்ச தூரத்திலேயே, ஊருக்கு நடுவே கால்வாயாகவும் குழாயாகவும் ஓடிவரும் பெலெம் ஆறு தன் பங்கைக் கொண்டுவந்து கலக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பாலத்தின் மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, பாட்டில்களில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் அடுக்குவேன். கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவியை வாளிக்குள் விட்டால் முள் ஏறவே யோசிக்கும். குரிச்சிபா பேருந்துப் போக்குவரத்துக்கும் பூங்காக்களுக்கும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஊர். பூங்காவைப் படம் பிடிக்க வருகிறவர்கள் ஆற்றின் பக்கம் போவதில்லை. போனால் நானும் என் வாளியும்தான் படத்தில் இருப்போம்.

இப்படி மாதக் கணக்கில் முகர்ந்த ஆறுதான் மாநிலத்தின் மறுகோடியில் உலகமே பார்க்க வரும் இகுவாசு அருவியாக விழுகிறது என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் போகவில்லை. 2013 கார்னிவல் விடுமுறையில்தான் அது கூடிவந்தது. கார்னிவல் என்றால் ரியோவும் சால்வதோரும் ஆடும், குரிச்சிபா காலியாகும். எங்கள் விடுதியில் மிச்சமிருந்தவர்கள் நாலு பேர். போலந்துக் குடியேறிகளின் பேரனான ஒரு குரிச்சிபாக்காரன், சிவில் படித்தவன். உயிரியல் படித்த கொலம்பியத் தோழி ஒருத்தி. மின்பொறியியல் படித்த பராகுவே நண்பன். நான். பராகுவேக்காரனின் தாத்தா, பாட்டி வீடு அருவிக்கு அக்கரையில், அவர்கள் நாட்டில் இருந்தது. “தங்க இடம், சாப்பாடு, ரெண்டுக்கும் நான் பொறுப்பு” என்றான். மாணவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இரவு பஸ். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பிரேசில் பஸ்களில் ஏசியை யாருக்காக அந்த அளவுக்கு வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர். பிப்ரவரி கோடையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு போனோம். விடியலில் கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே நிலம் முழுக்கச் செக்கச் சிவந்திருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த கருங்கல் படுகை அது. மேல்பகுதி மக்கிச் செம்மண்ணாகியிருக்கிறது. காடு இருந்த இடமெல்லாம் சோயா. கடந்த நூற்றாண்டில் பரானா மாநிலம் தன் காட்டைப் பெரும்பாலும் வெட்டித் தீர்த்துவிட்டது. அந்த மண் காலுறையில் பட்டால் போகாது. என் வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி அந்தப் பயணத்துக்குப் பிறகு காவியாகவே காலம் தள்ளியது.

ஃபோஸ் தோ இகுவாசு என்ற எல்லை ஊரில் இறங்கி, அர்ஜென்டினா போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். மற்ற மூவருக்கும் அடையாள அட்டை போதும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்கு பிரேசிலை விட்டு வெளியேறியதற்கு ஒரு முத்திரை, அர்ஜென்டினாவுக்குள் நுழைந்ததற்கு ஒரு முத்திரை, அதற்கு முன்பே எடுத்து வைத்த விசா எல்லாம் வேண்டும். பிரேசில் சாவடியில் பஸ் யாருக்காகவும் நிற்காது. இறங்குகிறவன் இறங்கி, முத்திரை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். “நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்” என்றேன். மூன்று பேரும் மூட்டையோடு என் கூடவே இறங்கினார்கள். அடுத்த பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பராகுவேக்காரன் தன் ஃபிளாஸ்கைத் திறந்து தெரெரே போட்டான். பச்சை யெர்பா இலைத்தூளில் ஐஸ் தண்ணீரை ஊற்றி உலோகக் குழலால் உறிஞ்சும் பானம். ஒரே குவளை, ஒரே குழல், முறைவைத்துச் சுற்றி வரும். எல்லைக் காவலர் ஒருவர் வந்து நின்றார். காகிதம் கேட்கப் போகிறார் என்று நான் பாஸ்போர்ட்டை எடுத்தேன். அவர் கையை நீட்டியது குவளைக்கு.

முதல் நாள் அர்ஜென்டினா பக்கத்து தேசியப் பூங்கா. அருவி என்று ஒருமையில் சொல்வதே தப்பு. ஆற்றின் படுகை திடீரென்று உடைந்து விழும் விளிம்பு 2.7 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறக்குறைய 275 அருவிகள். முக்கால் பங்குக்கு மேல் அர்ஜென்டினாவின் எல்லைக்குள். அர்ஜென்டினா 1934இல் தன் பக்கத்தைத் தேசியப் பூங்கா ஆக்கியது, பிரேசில் 1939இல். இரண்டும் தனித்தனி நிர்வாகம், தனித்தனி டிக்கெட். விளிம்புக்கு மேலே நடக்க ஒரு பாதை, கீழே நடக்க ஒரு பாதை, இரண்டுக்கும் போக எரிவாயுவில் ஓடும் ஒரு குட்டி ரயில். கார்னிவல் கூட்டம் ரயிலில் பிதுங்கியது. “நடப்போம்” என்றாள் கொலம்பியாக்காரி. அது நல்ல முடிவு. தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் வெயில் விழுந்த இடமெல்லாம் வண்ணத்துப்பூச்சிகள் சேற்றில் மொய்த்துக் கிடந்தன. ஒன்று என் முழங்கையில் வந்து உட்கார்ந்து, சுருள் மூக்கை நீட்டி வியர்வையை உறிஞ்சியது. மூடிய சிறகின் அடிப்புறத்தில், கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே, 88 என்று அச்சடித்த மாதிரி எண். உப்புக்காகத்தான் வருகிறது என்றாள் அவள். கையை அசைக்காமல் கால் மணி நேரம் நடந்தேன். உப்பு தீர்ந்ததோ என்னவோ, போய்விட்டது.

சாத்தானின் தொண்டை என்று இரண்டு மொழிகளிலும் பெயர் வாங்கியிருக்கும் பெரிய அருவிக்கு, ஆற்றின் மேலேயே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமாக இரும்பு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அந்த நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலடியில் ஓடுவது ஆறு என்றே தோன்றாது. அகலமான, அவசரமில்லாத தண்ணீர். நடுநடுவே புதர் மண்டிய சின்னத் தீவுகள். கெளுத்தி மாதிரி மீன்கள் பாலத்தின் நிழலில் நிற்கின்றன. பாலத்துக்குப் பக்கத்தில் அங்கங்கே மொட்டைத் தூண்கள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. முந்தைய வெள்ளங்கள் அடித்துக்கொண்டுபோன பழைய நடைபாலத்தின் மிச்சம் என்றான் குரிச்சிபாக்காரன். சிவில்காரனுக்கு அருவியைவிட அந்தத் தூண்கள்மேல்தான் கண். நின்று நின்று படம் எடுத்தான். அவன் கவலை வீண்போகவில்லை. நாங்கள் போய்வந்ததற்கு மறு வருடம், 2014 ஜூனில், மேலே பெய்த மழையில் நொடிக்கு 45,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் வந்தது. சராசரி 1,500 என்று வைத்துக்கொண்டால் முப்பது மடங்கு. நாங்கள் நடந்த பாலமும் சேதமாகி மூடப்பட்டது.

பாலம் முடியும் இடத்தில்தான் விஷயம். அதுவரை சோம்பிக் கிடந்த தண்ணீர் பச்சையும் சிவப்புமாக ஒரு வளைவு வளைந்து, அப்படியே இல்லாமல் போகிறது. ஆற்றின் ஏறக்குறைய பாதித் தண்ணீர் மூன்று பக்கச் சுவர்களிலிருந்தும் ஒரே குழிக்குள், 80 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அடி தெரியாது. கீழிருந்து புகைபோல் எழும் நீர்த்துளி ஒரு நொடி எல்லாவற்றையும் மறைக்கும், மறுநொடி காற்று திசை மாறி நம்மை நனைத்துவிட்டு விலகும். கைப்பிடிக் கம்பியில் வயிறு அழுந்த நின்றேன். சத்தம் காதில் கேட்டதைவிடக் கம்பி வழியாக வயிற்றில்தான் அதிகம் கேட்டது. 1542இல் காப்பேசா தெ வாகா என்ற ஸ்பானியர், அட்லாண்டிக் கரையிலிருந்து அசுன்சியோனுக்குக் காட்டு வழியே நடந்துபோனபோது இதைப் பார்த்திருக்கிறார். எழுதி வைத்த முதல் ஐரோப்பியர் அவர்தான். குவாரானி மக்கள் அதற்கு எத்தனை காலம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கொலம்பியாக்காரி கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பிக் கையை நீட்டினாள். கரிய உழவாரன் குருவிகள். நூற்றுக்கணக்கில் அந்தப் புகைக்குள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று சுற்றலை விட்டு விலகி, அருவியின் நேர் எதிரே பறந்து வந்து, விழும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. உள்ளே, திரைக்குப் பின்னால் இருக்கும் ஈரப் பாறையில்தான் அவை கூடு கட்டி, இரவு தங்குகின்றன. பருந்து அங்கே வராது. சில கணம் கழித்து வேறொன்று தண்ணீருக்குள்ளிருந்து வெளியே பாய்ந்தது. அந்த எடையில் விழும் தண்ணீரை, கையளவுப் பறவை எங்கே மெல்லிசாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? உயிரியல்காரியிடம் கேட்டேன். “உன் மீட்டரைக் கொண்டுபோய் வச்சுப் பாரு” என்றாள்.

மதியம் படகு. பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. இரவு ஹாஸ்டலில் சோறு வடித்துச் சாப்பிடுவது என்று ஒப்புக்கொண்டுதான் டிக்கெட் எடுத்தோம். திறந்த லாரியில் காட்டுக்குள் கூட்டிப்போய், படிகளில் இறக்கி, ரப்பர் படகில் ஏற்றி, லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கி, தண்ணீர் புகாத பை ஒன்றும் தந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பாலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்தேன். முத்திரைகள் கரைந்துவிட்டால் நான் மூன்று நாட்டுக்கும் ஆகாதவன். படகு சுழல்களைக் குதித்துக் குதித்து எதிரேறியது. முதலில் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, “படம் எடுத்துக்கோங்க, அப்புறம் எல்லாம் பைக்குள்ள” என்றார் படகோட்டி.

அப்போதுதான் குரிச்சிபாக்காரன் என் பக்கம் குனிந்து கேட்டான். “இந்தியா, உண்மையைச் சொல்லு. நம்ம ஊர்ச் சாக்கடை இதுல இருக்கா?”

“இருக்கு.”

அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவமாக இருந்தது. முழுக் கதையையும் சொல்ல நேரமில்லை. குரிச்சிபாவிலிருந்து இங்கே வருவதற்குள் ஆறு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாறைகளில் உருண்டு, காற்றைக் குடித்து, கிளையாறுகளால் பெருகி, அப்போது இருந்த ஐந்து பெரிய மின்அணைகளில் தேங்கித் தேங்கிக் கசடு படிந்து வந்தது. விழும் தண்ணீரின் சிவப்பு எங்கள் ஊர் அழுக்கு அல்ல, வழியில் உள்ள வயல்களின் மேல்மண். அணைகளில் மூன்றுக்கு, அங்கே முன்பு விழுந்துகொண்டிருந்த அருவிகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் அருவிக்கு வர வேண்டும் என்பதில் மழைக்கு மட்டுமல்ல, மின்சாரத் தேவைக்கும் பங்கு உண்டு. இவ்வளவையும் சொல்ல வாயெடுத்தேன். படகு சான் மர்த்தின் அருவிக்குள் நுழைந்துவிட்டது.

மேலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது. எல்லாப் பக்கமிருந்தும் அடித்தது. கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினால் கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். மூச்சை எந்த இடைவெளியில் இழுப்பது என்று தெரியவில்லை. உண்மையில் அது அருவியின் அடி அல்ல, ஓரத்துச் சாரல்தான். அடிக்குப் போனால் படகு மிஞ்சாது. எங்கள் பக்கத்தில் அருவி என்றால் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அடியில் போய்த் தலையைக் கொடுத்து நிற்பது. குற்றாலத்தில் கூட்டத்தில் இடித்துப் பிடித்து இடம் வாங்கிய எனக்கு, பார்ப்பதற்கு மட்டுமே ஆன அருவி என்பது அன்று காலை முழுக்க ஒரு குறையாகவே இருந்தது. படகில் அந்தக் குறை தீர்ந்தது. வெளியே வந்ததும் படகோட்டி திரும்பி “இன்னொரு தடவை?” என்று கேட்டார். படகே கத்தியது, ஒரே ஒருவனைத் தவிர. குரிச்சிபாக்காரன் உதட்டை உள்ளே மடித்து இறுக்கி மூடிக்கொண்டு, தலையை மட்டும் பலமாக ஆட்டினான்.

மறுநாள் பரானா ஆற்றை வண்டிகளோடு ஏற்றிச் செல்லும் மிதவைக் கப்பலில் கடந்து பராகுவேக்குள் போனோம். இகுவாசு பரானாவோடு கலக்கும் முனை அது. ஆளுக்கொரு கரையில் மூன்று நாடுகளும் தங்கள் கொடி நிறத்தில் ஒரு கம்பத்தை நட்டு வைத்திருக்கின்றன. எனக்கு இன்னும் இரண்டு முத்திரை. வழியில் மொந்தாய் என்ற அருவியைக் காட்டினான் நண்பன். 40 மீட்டர் உயரம். வேறெங்காவது இருந்திருந்தால் ஊரே அதை வைத்துப் பிழைத்திருக்கும். இகுவாசுவுக்குப் பக்கத்தில் பிறந்ததால் அங்கே எங்களையும், ஒரு ஐஸ்கிரீம் வண்டியையும் தவிர யாரும் இல்லை.

தாத்தா வீடு எர்னாந்தாரியாஸில். இதாய்ப்பு அணை இருக்கும் ஊர். தாத்தா எங்களை வாசலில் நின்று வரவேற்ற சத்தத்துக்குத் தெருநாய்கள் எழுந்தன. “அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். குவாயிராக்காரங்க எல்லாருமே இப்படித்தான் பேசுவாங்க” என்றான் நண்பன். கேலிக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அணையைப் பார்க்க தாத்தாவே கூட்டிப்போனார். பராகுவே பக்கத்தில் அனுமதி இலவசம். 1973இல் பிரேசிலும் பராகுவேயும் ஒப்பந்தம் போட்டு, பரானா ஆற்றை 196 மீட்டர் உயரத்துக்கு மறித்துக் கட்டியது. 20 எந்திரங்கள், ஒவ்வொன்றும் 700 மெகாவாட். பாதி எந்திரங்கள் பராகுவேக்காக 50 ஹெர்ட்ஸில் சுற்றுகின்றன, பாதி பிரேசிலுக்காக 60 ஹெர்ட்ஸில். தன் பங்கில் பராகுவேக்குத் தேவைப்பட்டது கொஞ்சம்தான். மிச்சத்தை பிரேசிலுக்கே விற்றாக வேண்டும் என்பது ஒப்பந்தம். விலையைப் பற்றி எங்கள் நண்பர்கள் இருவரும் பஸ்ஸிலேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். தாத்தா அந்த அணையில் கான்கிரீட் கொட்டியவர். எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்து, முடியும்வரை இருந்தவர். எந்தத் தூண் எந்த மாதத்தில் எழும்பியது என்று விரலை நீட்டி, அந்தப் பெரிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். மற்ற பயணிகளும் வழிகாட்டியை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

பார்வை மேடையில் நண்பன் கணக்குச் சொன்னான். ஒரு எந்திரத்துக்குள் நொடிக்குச் சுமார் 700 கன மீட்டர் தண்ணீர் போகிறது. இரண்டு எந்திரம் ஓடினாலே இகுவாசுவின் சராசரி வரத்து அவ்வளவும் வந்துவிட்டது.

கொலம்பியாக்காரி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “அப்போ இந்தச் சுவருக்குள்ள ஒன்பது பத்து இகுவாசு ஓடுது. ஒண்ணும் கண்ணுல படல.”

தாத்தா எதுவும் சொல்லவில்லை. சொன்னது பாட்டி, இரவுச் சாப்பாட்டில்.

இருவருக்கும் சொந்த ஊர் சால்தோ தெல் குவாயிரா. அணைக்குச் சுமார் 200 கிலோமீட்டர் மேலே, அதே பரானாவின் கரையில். அங்கே ஆறு சுமார் 400 மீட்டர் அகலத்திலிருந்து 60 மீட்டருக்கு நெருக்கப்பட்டு, ஏழு கூட்டமாக 18 அருவிகளில் விழுந்தது. தனித்தனியாகப் பார்த்தால் உயரத்தில் இகுவாசுவுக்குக் குறைவு. ஆனால் விழுந்த தண்ணீர் நொடிக்குச் சராசரி 13,000 கன மீட்டர். அந்தக் கணக்கில் உலகத்தின் மிகப் பெரிய அருவிகளில் ஒன்று. முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் இரைச்சல் கேட்குமாம். பிரேசில் தன் பக்கத்தை 1961இல் தேசியப் பூங்கா ஆக்கியது. அணைக்கு இடைஞ்சல் என்று 1981இல் அந்த ஆணையை ரத்துசெய்தது. போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஊர் ஊராக ஜனம் வந்தது. 1982 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை, பாறைகளுக்கு இடையே கட்டியிருந்த தொங்குபாலம் ஒன்று அறுந்து 32 பேர் செத்தார்கள். அக்டோபரில் அணையின் கதவுகளை அடைத்தார்கள். இரண்டு வாரத்தில் ஏரி நிரம்பியது. அருவிகள் அடியில் போயின. த்ருமோன்ட் தெ ஆந்த்ராதே என்ற பிரேசிலின் பெரிய கவி அந்த ஆண்டே அதற்கு விடைகொடுத்து ஒரு கவிதை எழுதினார். குரிச்சிபாக்காரன் அதைப் பள்ளியில் படித்திருக்கிறான்.

“எல்லாரும் ஒரே நேரத்துல ஏறினா பாலம் என்ன செய்யும்?” என்றார் பாட்டி. குவாரானியும் ஸ்பானிஷும் கலந்து அவர் சொல்லச் சொல்ல, பேரன் போர்ச்சுகீஸில் எங்களுக்குச் சொன்னான். “இவரோட அம்மா அங்கேயேதான் இருந்தாங்க. தண்ணி மூடினப்புறம் ராத்திரியில தூக்கம் வரலைன்னு சொல்லி அனுப்பினாங்க. ஊரே அப்படித்தான். பேசிப் பழகின குரலைக் குறைக்கவும் தெரியல, சத்தமில்லாமப் படுக்கவும் தெரியல.”

நான் தாத்தாவிடம் கேட்டேன்: “இகுவாசு பெரிசா, உங்க அருவி பெரிசா?”

“இகுவாசுவை நான் பாத்ததில்ல.”

அவர் வீட்டிலிருந்து அது ஒரு மணி நேரம்கூட இல்லை. பேரன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இது அந்த வீட்டில் பழைய விஷயம் என்று புரிந்தது. அருவிக்குப் பக்கத்தில் வளர்ந்து, அதை மூழ்கடித்த சுவரைத் தன் கையால் கட்டிச் சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரனை மின்பொறியியலுக்கு அனுப்பியவர். அணையைப் பற்றி அவருக்கு வெட்கம் கிடையாது. அன்று காலை அவர் தூண்களைக் காட்டிய கையில் பெருமைதான் இருந்தது. இன்னொரு அருவியைப் போய்ப் பார்க்க மட்டும் மாட்டார். இரண்டும் ஒரு மனிதருக்குள் இருக்க முடியாது என்று அந்த வயதில் நான் நினைத்திருந்தேன்.

பாட்டிதான் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார். “இவர் போகலைன்னா சரி. நான் என்ன பாவம் செஞ்சேன்? இவர் கட்டினதை முப்பது வருஷமா நான் பாத்துட்டு இருக்கேன். தம்பி, நாளைக்கு நீங்க பிரேசில் பக்கம் போறீங்கல்ல? நானும் வர்றேன்.”

தாத்தா “போயிட்டு வா” என்று சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

விடியற்காலையில் பாட்டி தயார். மர உரலில் மூலிகை இலைகளை நசுக்கி ஐஸ் தண்ணீர் ஃபிளாஸ்கில் போட்டார். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து சுட்ட சிப்பா வளையங்களைத் துணியில் கட்டிக்கொண்டார். சியுதாத் தெல் எஸ்தே ஊரிலிருந்து பிரேசிலுக்குப் போகும் நட்புப் பாலத்தில், பராகுவேயில் மலிவாக வாங்கிய சாமான்களை மூட்டை மூட்டையாகச் சுமந்து போகும் கூட்டத்தில் கலந்து நடந்தோம். என் முத்திரைக்காக மறுபடியும் வரிசை. “இந்தப் பையனோட நாட்டுக்காரங்க அப்படி என்ன தப்பு செஞ்சாங்க?” என்று பாட்டி அதிகாரியைக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். என் வரலாற்றிலேயே சீக்கிரம் கிடைத்த முத்திரை அதுதான்.

அர்ஜென்டினா பக்கம் அருவியின் மேல் நிற்க வைக்கும். பிரேசில் பக்கம் எதிரே நிற்க வைக்கும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சரிவுப் பாதையில் இறங்க இறங்க, அக்கரையின் அருவி வரிசை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வரும். வழியில் தொப்பி வைத்த ஒரு சிலை. யார் இது என்றார் பாட்டி. சாந்தோஸ் துமோன்ட், பாரிஸில் விமானம் ஓட்டிய பிரேசில்காரர். 1916இல் இங்கே வந்தபோது இந்த நிலம் ஒரு தனியாருக்குச் சொந்தம் என்று கேள்விப்பட்டு, நேராகக் குரிச்சிபாவுக்குப் போய் மாநிலத் தலைவரைப் பார்த்துப் பேசினார். அந்த ஆண்டே அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. குரிச்சிபாக்காரன் தன் ஊர்ப் பெருமையையும் சேர்த்து விரிவாகச் சொன்னான்.

“பறந்து போனாரா?”

“இல்ல பாட்டி. ரோடே கிடையாது. காட்டுக்குள்ள குதிரையில போனார்.”

“எங்க ஊருக்கு ஒருத்தனும் குதிரையில வரல” என்றார் பாட்டி, சிலையின் ஷூவைத் தட்டிக்கொடுத்துவிட்டு.

பாதை முடியும் இடத்தில் ஆற்றுக்கு மேலே நீளும் பாலம் சாத்தானின் தொண்டைக்கு முன்னால் கொண்டுபோய் விடுகிறது. பிளாஸ்டிக் மழைக்கோட்டு விற்கிறார்கள். பாட்டி வேண்டாம் என்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளப் போக, கையை உதறிவிட்டு முன்னால் போனார். சாரலில் அவர் வெள்ளை முடி முகத்தோடு ஒட்டிக்கொண்டது. பாலத்தின் முனையில் அவர் ஏதோ சொன்னார், பேரனும் பதில் சொன்னான். அந்த இரைச்சலில் எங்களில் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் மட்டும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் நான் கேட்டேன். எப்படி இருக்கு பாட்டி?

“அழகாத்தான் இருக்கு. நிறையப் படிக்கட்டு. அங்கே நாங்க பாறையில உக்காந்து துணி துவைப்போம், மீன் பிடிப்போம். இங்கே தொடவே விட மாட்டேங்கிறாங்க.” கொஞ்சம் யோசித்தார். “சத்தம் பத்தாது.”

மேலே சாப்பாட்டு இடத்தில், ஆற்றங்கரை மேஜை ஒன்றில் சிப்பா மூட்டையை அவிழ்த்தோம். குவாச்சிகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று, கடிபட்ட கையின் ரத்தப் படத்தோடு பலகை வைத்திருந்தார்கள். வளையம் வளையமாக வாலும் நீண்ட மூக்கும் உள்ள, பூனையைவிடப் பெரிய பிராணி. கூட்டமாக மேஜைகளுக்கு அடியில் ரோந்து போகும். நாங்கள் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஒன்று பெஞ்சில் ஏறி, துணியின் ஒரு முனையைக் கவ்விவிட்டது. மறுமுனை பாட்டியின் கையில். கொலம்பியாக்காரி “விட்டுடுங்க பாட்டி, கடிச்சா ஊசி போடணும்” என்று அலறினாள். பாட்டி விடவில்லை. குவாரானியில் அதன் வம்சத்தையே இழுத்து, தாத்தாவை மிஞ்சிய குரலில் திட்டினார். நாலு மேஜை தள்ளி இருந்தவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். குவாச்சியும் விடவில்லை.

“பாட்டி, இது பிரேசில் குவாச்சி. போர்ச்சுகீஸ்ல திட்டுங்க” என்றான் பேரன்.

துணி கிழிந்தது. இரண்டு சிப்பாவோடு அது ஓடியது. மிச்சத்தை எண்ணிப் பார்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்த பாட்டி, தனக்கென்று இருந்த ஒன்றை மட்டும் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சாப்பிட்டார்.